ஒண்ணா ரெண்டா அக்கா

சட்டைப் பையில் ஒரு கண்ணாடி, கைப்பையில் ஒரு கண்ணாடி, மூக்கின் மேல் ஒரு கண்ணாடி. இப்படி மூன்று கண்ணாடியோடு ஒரு மனிதன் தெருவில் போனால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். எனக்கோ பிறந்ததிலிருந்தே மூக்கு மேல் கோபம். போதாக்குறைக்கு அந்த மூக்கின் மேல் இப்போது கண்ணாடி வேறு.

நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி, என்னைப் பற்றி அல்ல. ஆனால் என் தொல்லை இன்னதென்று தெரியாமல் அக்காவின் அருமை யாருக்கும் விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருட சர்வீஸ். எங்கள் நிறுவனத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் ஆறாவது வரியைப் பிழையில்லாமல் படித்தால்தான் வண்டிச் சாவி. அந்த முறை நான் ஐந்தாவது வரியிலேயே தட்டுத்தடுமாறினேன். நிறுவனத்து டாக்டர் என் சீட்டில் சிவப்புக் கோடு போட்டு, "நல்ல கண்ணாடியாப் போட்டுக்கிட்டு இருபத்தஞ்சு நாள் கழிச்சு வாங்க. அதுலயும் வரலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்.

தேறாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிப்போ வாசலில் சாவிப் பலகை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. அடுத்தவன் வந்து கேட்டால் சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்து நீட்டினால் வாங்கி மாட்ட வேண்டும். ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் வேலை. அந்த இருபத்தைந்து நாளும் என்னை அந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தார்கள், ஒத்திகை பார்ப்பது போல. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட என் வண்டியின் சாவியை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு, "வரட்டா அண்ணே" என்று போனான்.

கண்ணாடிதானே, வாங்கிவிட்டால் போயிற்று என்று நினைத்துத்தான் முதல் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் தலை சுற்றியது. நான்கு சுவரும் ஃபிரேம். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஃபிரேம். எனக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே! அங்கே இருந்த பையன் ஒரு அட்டையை நீட்டினான். கீறல் விழாத லென்ஸ், கூச்சம் தராத லென்ஸ், வெயிலில் கறுக்கும் லென்ஸ், தண்ணீர் ஒட்டாத லென்ஸ் என்று பதினோரு வகை. "எது நல்லது தம்பி?" என்றால், "எல்லாமே நல்லதுதான் சார், உங்க விருப்பம்" என்கிறான். என் விருப்பம் என்னவென்று தெரிந்தால் நான் ஏன் உன்னைக் கேட்கிறேன்!

கடைசியில் எதையோ ஒன்றைக் கைகாட்டி வாங்கிவந்தேன். அந்தக் கண்ணாடியில் எழுத்து தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. சந்தேகத்தில் இரண்டாவது கடைக்குப் போனேன். அங்கே பவர் வேறு சொன்னார்கள். இரண்டில் எது சரி என்று பார்க்க மூன்றாவது கடைக்குப் போனேன். அங்கே மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள். ஒன்பது நாள் ஓடிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியை முறைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் இது, ஐந்து நிமிடம் அது. ஒன்றில் தேதி தெளிவாக இருக்கும், கிழமை மங்கும். இன்னொன்றில் நேர்மாறு. தலைவலி மண்டையைப் பிளந்தது.

என் வீட்டுக்காரி மூன்று நாள் பொறுத்தாள். நான்காவது நாள், "பல்லு தேய்க்கற பேஸ்ட் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள். அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றேன். அங்கே அலமாரியில் நாற்பது வகை இருந்தால் நான் என்ன செய்வது? உப்பு போட்டது, கரி போட்டது, குளிர்ச்சி தருவது, ஈறுக்கு ஒன்று, வெண்மைக்கு ஒன்று.

"ஒரு பேஸ்ட் வாங்கத் துப்பில்ல, இவர் எண்பது பேரைக் கூட்டிக்கிட்டு வண்டி ஓட்டப் போறாராம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மணிக்கூண்டு தெருவுல ஒரு பழைய கண்ணாடிக் கடை இருக்காம். அங்க ஒரு அம்மா இருக்காங்களாம். ஒண்ணா ரெண்டா அக்கான்னு பேரு. என் தங்கச்சி அவங்ககிட்டத்தான் போட்டா. ஒரு தடவை போய்ப் பாருங்களேன்."

"நாலாவது கண்ணாடியா? எங்க மாட்டறது, காதுலயா?" என்று கத்தினேன். மறுநாள் போனேன்.

கடை பேருந்தின் அகலம்கூட இல்லை. முன்னால் ஒரு மேசை, பக்கச் சுவரில் ஃபிரேம்கள், உள்ளே திரைக்குப் பின்னால் எழுத்துப் பலகை. திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பயணி! தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் காலை எட்டேகாலுக்கு ஏறுகிறவர். வருடக்கணக்காக என் வண்டியில் வருகிறார், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எனக்கு அவரை நன்றாகத் தெரியும், ஏனென்றால் தினமும் என் எரிச்சலைக் கிளப்புகிறவர். கதவை அவருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாலும் உடனே ஏற மாட்டார். முழு உடம்பையும் இடது பக்கம் திருப்பிக் கதவைத் தேடுவார், அப்புறம்தான் ஏறுவார். இரண்டு வினாடி போய்விடும். நான் ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவேன். 'பெரிய மகாராணி' என்று முணுமுணுப்பேன்.

"வாங்கண்ணா. பஸ்ஸு நல்லா ஓடுதா?" என்றார் அவர். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. நான் அசடு வழிந்தேன்.

வயதில் அவர் எனக்குத் தங்கை. ஐந்தாறு வருடமாவது இளையவர். ஆனால் ஊரே அக்கா என்று கூப்பிடும்போது என் வாயில் மட்டும் தங்கச்சி என்று எப்படி வரும்? நானும் அக்கா என்றேன், அவர் என்னை அண்ணா என்றார். இன்றுவரை அப்படித்தான்.

மூன்று கண்ணாடிகளையும் மேசை மேல் வைத்துக் கதையைச் சொன்னேன். எத்தனை நாள் பாக்கி என்று மட்டும் கேட்டார். பதினோரு நாள் என்றேன். "போதும்" என்று சொல்லி என்னை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் அந்தக் கனமான வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். ஒரு லென்ஸைச் செருகினார். "இது ஒண்ணு." எடுத்துவிட்டு இன்னொன்று. "இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?"

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அப்போது தெரிந்தது. அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்பார். எல்லாக் கடையிலும்தான் கேட்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் கேட்கும்போது ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி கேட்பார்கள். இவர் கேட்டுவிட்டு, நான் சொல்லும் வரைக்கும் எனக்காகவே அன்றைக்குக் கடை திறந்தது போல நிற்பார்.

"ரெண்டு" என்றேன். மறுபடி மாற்றினார். "ரெண்டு." மறுபடி. "ஒண்ணு." மறுபடி. "ரெண்டு." இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. அப்புறம் சட்டத்தைக் கழற்றாமலே கேட்டார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கடைசி மூணு தடவை நான் லென்ஸையே மாத்தல. எடுத்த மாதிரி எடுத்து அதையேதான் திருப்பிப் போட்டேன். நீங்க ஒரு தடவை ஒண்ணுன்னீங்க, ரெண்டு தடவை ரெண்டுன்னீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "என்னது, என்னை வெச்சு விளையாடறீங்களா? வேலை போகப் போற மனுஷன்கிட்டயா உங்க வேடிக்கை?" என்று எழுந்துவிட்டேன். சட்டம் மூக்கிலிருந்து நழுவிக் காதில் தொங்கியது.

அவர் பயப்படவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "உக்காருங்க. எதை வெச்சுப் பதில் சொன்னீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் சொன்னேன். எனக்குப் பாதி நேரம் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தெரியாது என்றால் முட்டாள் என்று நினைப்பார்களே! அதனால் ஒரு கணக்கு வைத்திருந்தேன். தொடர்ந்து இரண்டு தடவை 'ரெண்டு' என்று சொல்லிவிட்டால், மூன்றாவது தடவை 'ஒண்ணு' என்று சொல்வேன். ஒரே பதிலையே சொன்னால் கவனிக்காமல் சொல்கிறேன் என்று தோன்றும் அல்லவா? அந்தக் கணக்குப்படி மாற்றி மாற்றிச் சொன்னேன். மூன்று கடையிலும் அப்படித்தான் செய்தேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் முட்டாள்தனத்துக்கு மூன்று பேர் மூன்று கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார்கள், பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு?

"இங்க மூணாவதா ஒரு பதில் இருக்கு அண்ணா. 'ரெண்டும் ஒண்ணுதான்.' அதையும் தாராளமாச் சொல்லலாம். சொன்னா யாரும் அடிக்க மாட்டாங்க. நீங்க அதைச் சொல்ற எடத்துலதான் உங்க பவரே இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தது வேறு ஆள். "ஒண்ணு." "ரெண்டும் ஒண்ணுதான்." "ஒண்ணு." "ரெண்டும் ஒண்ணுதான்க்கா." அதைச் சொல்லச் சொல்ல என் தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. கழுத்து வலிகூடக் குறைந்தது.

அத்தோடு விட்டாரா? அந்த வட்டச் சட்டத்தோடு என்னைக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து நடைபாதையில் நிறுத்தினார். "பலகையை விடுங்க. நீங்க பாக்க வேண்டியது ரோடு. தெருக்கோடியில வர்ற பஸ்ஸோட நம்பர் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க." பின்னால் நின்று லென்ஸை மாற்றினார். வழியில் போகிறவர்கள் எல்லாம் என் முகத்தில் மாட்டியிருந்த அந்த இரும்பு விசித்திரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் கெட்ட நேரம், வந்த வண்டியில் என் பழைய நடத்துநர். ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, விண்வெளிக்கா போறீங்க?" என்று கத்திவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் துரத்திக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அடுத்த வண்டியின் எண் தெருக்கோடியிலேயே பளிச்சென்று தெரிந்துவிட்டது. "தெரியுது! தெரியுதுக்கா! பதினேழு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார்.

உள்ளே வந்ததும் ஃபிரேம். என்னைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். அந்தக் கடையில் அது அவர் வைத்த விதி, முதலாளிக்குக்கூட அது பிடிக்காதாம். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். சுவரிடம் போய் மூன்றே மூன்று ஃபிரேமைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். "இந்த மூணுல எது காதுல உறுத்தல?" அழகைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பதினோரு வகை அட்டை இங்கேயும் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எதிர்ல வர்ற விளக்கு கண்ணைக் கூசுதா?" என்றார். கூசும் என்றேன். ஒன்றில் மட்டும் குறி போட்டார். மொத்தம் நான்கு நிமிடம். முதல் கடையில் இதற்கு நான் இரண்டு மணி நேரம் முழி பிதுங்கி நின்றிருக்கிறேன்.

கண்ணாடி இரண்டு நாளில் வந்தது. மாட்டிவிட்டு, என் பழைய மூன்றையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "பத்து நாள் இது ஒண்ணுதான். தூங்கும்போது தவிர கழட்டக் கூடாது. பழசு உங்ககிட்ட இருந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க."

இருக்க மாட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! முதல் நாள் தரை என்னை நோக்கி எழும்பி வந்தது. மாடிப்படியில் கால் வைக்க பயமாக இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது, இந்த அம்மாவை நம்பி மோசம் போகிறோமோ என்று சந்தேகம் பிடித்து ஆட்டியது. கடை பூட்டியிருந்தது. எதிர்க்கடைக்காரரிடம் வீட்டை விசாரித்துக்கொண்டு நேராகப் போய்விட்டேன். என் மூன்று கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு.

மாடியில் இரண்டு அறை வீடு. கொடியில் ஒரே நீல நிறத்தில் ஐந்து உடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அலமாரியில் ஒரே மாதிரி ஆறு கோப்பைகள். அக்காவின் கணவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர். முழங்காலில் மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உறுமிக்கொண்டே உள்ளே போனேன், அவர் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்க. கண்ணாடி கேட்டு வந்தீங்களா? ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேராவது வருவாங்க" என்றார். "நான் பொண்ணு பாக்கப் போனப்பவும் இவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. குறட்டை விடுவீங்களான்னு. ஆமான்னேன். மத்தவங்க எல்லாம் இல்லேன்னாங்களாம். பொய் சொல்லாத ஆளுன்னு என்னைக் கட்டிக்கிட்டா."

"இன்னிக்கு வரைக்கும் அந்த உண்மையை நிரூபிச்சுக்கிட்டே இருக்காரு" என்றார் அக்கா, சமையலறையிலிருந்து.

பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் ஒரு மூலையில் புத்தகத்தோடு இருந்தாள். "எங்க வீட்ல எந்த சோப்பு வாங்கறதுன்னு சண்டையே கிடையாது மாமா. நான் பொறந்ததுலேர்ந்து ஒரே சோப்பு. எங்கம்மா யோசிக்கறதை எல்லாம் கடைக்கு வர்றவங்களுக்குன்னு சேர்த்து வெச்சிருக்காங்க" என்றாள். கேலியாகச் சொன்னாலும் குரலில் பெருமை இருந்தது.

அக்கா டீ கொண்டு வந்தார். நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கோப்பையைக் கொடுக்க, பேருந்து நிறுத்தத்தில் திரும்புவது போலவே முழு உடம்பையும் திருப்பினார். வீட்டிலும் இதே பழக்கமா என்று நினைத்துக்கொண்டேன்.

என் புகாரைக் கேட்டுவிட்டு அவர் வாதாடவில்லை. கைப்பையிலிருந்து மூன்று கண்ணாடியையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். என் மூக்கில் இருந்ததையும் கழற்றி நான்காவதாக வைத்தார்.

"உங்க பொருள், எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா நாலையும் தர மாட்டேன். ஒண்ணை எடுங்க. மிச்சம் மூணும் பரீட்சை முடிஞ்சப்புறம்."

நான்கையும் பார்த்தேன். பேஸ்ட் அலமாரி முன்னால் நின்ற அதே நிலைமை. "நீங்களே சொல்லிடுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"நான் சொல்ல மாட்டேன். நான் எப்பண்ணா சொன்னேன்? நடுரோட்டுல நின்னுக்கிட்டுப் பதினேழுன்னு கத்தினது யாரு? நானா?"

உண்மைதானே! அது என் கண் பார்த்தது. எந்தக் கணக்கும் போடாமல், யார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காமல் கத்தியது. நான்காவது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். படியில் கால் தடுமாறத்தான் செய்தது. ஆனால் எட்டாம் நாள் தரை தன் இடத்துக்குப் போய்விட்டது. நாள்காட்டியில் தேதியும் கிழமையும் சேர்ந்து தெரிந்தன.

பரிசோதனை நாளில் என் வீட்டுக்காரி வாசல் வரைக்கும் வந்தாள். கேலி எதுவும் செய்யவில்லை, அதிலேயே அவள் பயம் தெரிந்தது. டாக்டர் பலகையைக் காட்டினார். ஆறாவது வரியைக் கடகடவென்று படித்தேன். "ஏழாவது?" என்றார். பழைய நானாக இருந்தால் பாதியைப் பார்த்து மீதியை அடித்துவிட்டிருப்பேன். "முதல் ரெண்டு எழுத்து தெரியுது சார். மத்தது தெரியல" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏழாவது வேண்டியதில்ல. தெரியலேன்னு சொல்ற டிரைவரை இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று சனிக்கிழமை. டிப்போவுக்குக்கூடப் போகவில்லை. பிஸ்கட் பெட்டி ஒன்று, கைக்கு முதலில் எது அகப்பட்டதோ அது, வாங்கிக்கொண்டு அக்காவின் கடைக்கு ஓடினேன். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு கண் டாக்டரம்மா வருவார். திரை விலகியிருந்தது. நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்! வட்டச் சட்டம் அவர் மூக்கில். வருடத்துக்கு ஒருமுறை அவருக்கும் பார்ப்பார்களாம். வலது கண்ணை டாக்டரம்மா மூடினார். இடது கண்ணின் முன்னால் ஒரு லென்ஸை வைத்தார், எடுத்தார், இன்னொன்றை வைத்தார்.

"வழக்கத்துக்குக் கேக்கறேன். ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்" என்றார் அக்கா. "போன வருஷமும் அதான். அடுத்த வருஷமும் அதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிஸ்கட் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் அக்காவே சொன்னார், பெட்டியைப் பிரித்துக்கொண்டே, வேறு யாருடைய கதையையோ சொல்வது போல. பிறக்கும்போதே இடது கண்ணில் வெள்ளையாக ஒரு படலம். மூன்று டாக்டர்களிடம் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் உடனே ஆபரேஷன் என்றார். ஒருவர் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் செய்யலாம் என்றார். ஒருவர் நல்ல கண்ணைக் கட்டிப்போட்டுப் பழக்கலாம் என்றார்.

"எங்க அப்பாவும் அம்மாவும் ரொம்ப நல்லவங்கண்ணா. தப்பா எதையும் செஞ்சிடக் கூடாதேன்னு பயம். இதா அதான்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. நாலாவதா ஒருத்தரைக் கேப்போம், அஞ்சாவதா ஒருத்தரைக் கேப்போம்னு. எனக்கு ஒன்பது வயசு ஆயிருச்சு. அப்பத்தான் ஆபரேஷன் செஞ்சாங்க. அதுக்குள்ள மூளை அந்தக் கண்ணை மறந்துபோச்சு. இப்போ பாக்க நல்லா இருக்கு, பாக்கத்தான் மாட்டேங்குது." பிஸ்கட்டைக் கடித்தார். "அந்த மூணு பேருல யார் சொன்னதைச் சீக்கிரம் செஞ்சிருந்தாலும் கொஞ்சமாவது வந்திருக்குமாம். டாக்டரம்மா சொல்வாங்க."

முழு உடம்பையும் இடது பக்கம் திருப்பிக் கதவைத் தேடும் அந்த இரண்டு வினாடி. அதற்கு நான் அடித்த ஹாரன். எத்தனை வருடம், எத்தனை காலை! கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"பத்து நாள் கழட்டக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் அக்கா.

"இன்னியோட பத்து நாள் முடிஞ்சிருச்சுக்கா" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் டிப்போவில் சாவியை வாங்கினேன். எட்டேகாலுக்குத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். நீல உடையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வழக்கமான இடம் வரைக்கும் போகாமல், நாலடி முன்னாலேயே நிறுத்தினேன். முன்கதவு அவருடைய வலது கைப் பக்கம் வந்து நின்றது. மற்ற பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்கள். "ஏண்ணே, நிறுத்தம் எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?" என்று நடத்துநர் கத்தினான். அக்கா திரும்பவில்லை, தேடவில்லை. கைப்பிடியைப் பிடித்து நேராக ஏறினார்.

ஏறி என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "என்னண்ணா, முன்னாடியே நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடி இன்னும் சரியாப் பழகலக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போய் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் ஆகிறது, அந்தக் கண்ணாடி இன்னும் எனக்குப் பழகவில்லை.